ஜிகாபிட் மேனேஜ்டு சுவிட்ச்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (திருப்பூர் வாசகர்): எங்கள் பின்னலாடை நிறுவனத்தின் அலுவலகத்துக்கு 24 போர்ட் (கேபிள் செருகும் துளை) கொண்ட மேனேஜ்டு சுவிட்ச் (கணினிகளை வலையமைப்பில் இணைக்கும், அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய பெட்டி) ஒன்றை வாங்கினோம். கேபிள்களைச் செருகியவுடன் எல்லாக் கணினிகளும் இயங்கத் தொடங்கிவிட்டன. இதற்கு மேல் எதுவும் செய்ய வேண்டியதில்லை என்கிறார் பொருத்திக் கொடுத்தவர். அப்படியானால் சாதாரண சுவிட்சைவிட இதற்கு ஏன் இவ்வளவு கூடுதல் விலை?

பதில்: அவர் சொன்னதில் பாதி உண்மை. பெட்டியிலிருந்து எடுக்கும்போது எல்லாப் போர்ட்டுகளும் ஒரே விலானில் (ஒரே சுவிட்சுக்குள் பிரிக்கப்படும் தனி வலையமைப்பு), அதாவது விலான் 1-இல் இருக்கும் என்பதால், மேனேஜ்டு சுவிட்சும் செருகியவுடன் சாதாரண சுவிட்சைப் போலவே வேலை செய்யும். அப்படியே விட்டுவிட்டால் கூடுதலாகக் கொடுத்த பணம் வீண். அதைவிட மோசமான விளைவு ஒன்றும் உண்டு. கையேட்டில் அச்சிட்ட கடவுச்சொல்லோடு ஒரு நிர்வாகப் பக்கம் உங்கள் வலையமைப்பின் நடுவில் திறந்து கிடக்கும். நிர்வகிக்கப்போவதில்லை என்றால் சாதாரண சுவிட்சே பாதுகாப்பானது.

ஒரு விடுமுறை நாளில் அலுவலகக் கேபிள்களைக் கழற்றிவிட்டு, ஒரே ஒரு மடிக்கணினியை மட்டும் சுவிட்சோடு இணையுங்கள். சுவிட்சின் அடிப்பக்க ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ அதன் ஐ.பி. முகவரி இருக்கும். அது 192.168.0.1 என்றால், மடிக்கணினிக்கு 192.168.0.10 என்றும், சப்நெட் மாஸ்க்காக 255.255.255.0 என்றும் கையால் கொடுத்தால் பிரவுசரில் நிர்வாகப் பக்கம் திறக்கும். வலையமைப்போடு இணைக்காமல் இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உங்கள் ரூட்டரின் முகவரியும் அதே 192.168.0.1 ஆக இருந்தால் இரண்டும் மோதிக்கொண்டு அலுவலகம் முழுவதும் இணையம் விட்டுவிட்டு வரும். அதற்குக் காரணம் புதிய சுவிட்ச்தான் என்பது யாருக்கும் எளிதில் தோன்றாது. உள்ளே நுழைந்ததும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ரூட்டர் தானாக வழங்கும் முகவரி வரிசைக்கு வெளியே ஒரு நிலையான முகவரியைச் சுவிட்சுக்குக் கொடுங்கள். சுவிட்சுக்குள் நுழையும் பூட்டில்லாத வழிகளான டெல்நெட்டையும் எச்.டி.டி.பி.யையும் அடைத்து, பூட்டுள்ள எஸ்.எஸ்.எச்., எச்.டி.டி.பி.எஸ். இரண்டை மட்டும் திறந்து வையுங்கள். எஸ்.என்.எம்.பி. என்ற கண்காணிப்பு வசதி 'பப்ளிக்' என்ற பெயரோடு திறந்திருந்தால் அதையும் மூடிவிடுங்கள்.

ஃபர்ம்வேரை (சுவிட்சின் உள்மென்பொருளை) புதுப்பிப்பதையும் அன்றே முடித்துவிடலாம்; சுவிட்ச் யு.பி.எஸ்.ஸில் இருக்கும்போது மட்டும் செய்ய வேண்டிய வேலை இது. நேரத்தை என்.டி.பி. (வலையமைப்பின் மூலம் சரியான நேரத்தைப் பெறும் முறை) வழியாகப் பெறும்படி அமைத்து, நேர மண்டலத்தை +5:30 என்று வையுங்கள். இதைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் பழுது பார்க்க வருபவர் பதிவேட்டைத் திறக்கும்போது எல்லா நிகழ்வுகளும் ஏதோ ஒரு பழைய ஆண்டின் ஜனவரி 1-ஆம் தேதியில் நடந்ததாக இருந்தால், அந்தப் பதிவேட்டினால் ஒரு பயனும் இல்லை.

பெரும்பாலோர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. பல சுவிட்சுகளில் 'அப்ளை' என்ற பொத்தானை அழுத்தினால் மாற்றம் நடப்புக்கு வருமே தவிர, நிரந்தரமாகப் பதியாது. 'சேவ்' என்ற தனிப் பொத்தானை அழுத்தினால்தான் அது தொடக்க அமைப்புக் கோப்பில் ஏறும். இதைச் செய்யாமல் விட்ட சுவிட்ச் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடிவிட்டு, முதல் நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு பழைய நிலைக்குப் போய்விடும். சேமித்தபின் அமைப்புக் கோப்பைப் பதிவிறக்கி, அலுவலகக் கணினியில் ஒரு பிரதியும் வெளியே ஒரு பிரதியும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஒரு விவரக் குறிப்பு எழுதும் வசதி இருக்கும். 'கணக்குப் பிரிவு, சுவர் சாக்கெட் 14' என்பது போல எழுதிவிட்டு, அதே எண்களைப் பேட்ச் பேனலிலும் (சுவர் சாக்கெட்டுகளின் கேபிள்கள் வந்து சேரும் பலகை) ஒட்டுங்கள். விலை வித்தியாசத்துக்கான நியாயம் இங்கேதான் தொடங்குகிறது: எந்தப் போர்ட் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது, எத்தனை ஃபிரேம்கள் (தகவல் துண்டுகள்) பழுதாக வந்தன, எந்த நேரத்தில் இணைப்பு அறுந்தது என்பதையெல்லாம் இந்தச் சுவிட்ச் எண்களாகக் காட்டும். சாதாரண சுவிட்சிடம் இருப்பது மினுக்கும் விளக்கு மட்டுமே.

உங்கள் ஊருக்கென்று ஒரு சொல். பின்னலாடைக் கூடங்களின் பஞ்சுத் தூசி, மின்விசிறி உள்ள சுவிட்சின் காற்றுத் துளைகளை விரைவில் அடைத்துவிடும். உற்பத்திப் பகுதிக்குள் வைப்பதானால் விசிறி இல்லாத வகையை வாங்கி, மூடிய ராக்கில் பொருத்தி, பின்புறத்தில் உள்ள எர்த் திருகை ராக்கின் எர்த்தோடு இணைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (மதுரை வாசகர்): ஜிகாபிட் சுவிட்ச் பொருத்தியபின் பெரும்பாலான கணினிகள் 1000 எம்.பி.பி.எஸ். (நொடிக்கு மெகாபிட்) வேகத்தில் இணைகின்றன. 4 கணினிகள் மட்டும் 100-க்கு மேல் ஏற மறுக்கின்றன. போர்ட்டின் வேகத்தைச் சுவிட்சில் 1000 என்று நிரந்தரமாக அமைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். வேகத்தைக் கட்டாயப்படுத்தினால் குறை மறையுமே தவிரத் தீராது. பல நேரங்களில் இணைப்பே போய்விடும்.

செம்புக் கம்பியில் ஓடும் ஜிகாபிட் ஈதர்நெட்டுக்கான 802.3ஏபி தரம் 1999-இல் வெளிவந்தது. 100 எம்.பி.பி.எஸ். வேகத்துக்குக் கேபிளில் உள்ள நான்கு ஜோடிகளில் இரண்டே போதும்: ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும். ஜிகாபிட்டுக்கு நீலம், பழுப்பு உட்பட நான்கு ஜோடிகளும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி சரியாகப் பதியவில்லை என்றால், பல கருவிகள் குறை சொல்லாமல் 100-க்கு இறங்கி வேலையைத் தொடரும். உங்கள் 4 கணினிகளில் நடப்பது பெரும்பாலும் இதுதான். சுவர் சாக்கெட்டைக் கழற்றி 4, 5, 7, 8 ஆகிய பின்களின் கம்பிகளைப் பாருங்கள். பழைய நிறுவல்களில் அந்த இரண்டு ஜோடிகளை இன்டர்காமுக்கென்று பிரித்துக் கொடுத்திருப்பதும் உண்டு.

நான்கு ஜோடிகளும் சரியாக இருந்தும் குறை தீரவில்லை என்றால் கேபிளையே சந்தேகிக்க வேண்டும். மலிவு விலையில் விற்கும் பல 305 மீட்டர் பெட்டிகளில் இருப்பது செம்பு பூசிய அலுமினியக் கம்பி. கடைகளில் அதைச் சி.சி.ஏ. என்பார்கள். சோதனை எளிது. ஒரு கம்பியின் உறையை நீக்கிவிட்டு பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். நான்கைந்து முறை மடித்து நிமிர்த்தினாலே அது ஒடிந்துவிடும். முழுச் செம்பு அவ்வளவு எளிதில் ஒடியாது. அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல் என்பதால், நீண்ட தூரத்தில் சிக்னலும் வலுவிழக்கும், கேபிள் வழியே கேமராவுக்கு அனுப்பும் மின்சாரமும் குறையும். கேட்5இ தரத்துக் கேபிள் முழுச் செம்பாக இருந்தால், பேட்ச் கார்டுகள் (முனைகளில் செருகும் குறுங்கேபிள்கள்) உட்பட 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாராளமாக ஓடும். இதற்காகக் கேட்6 வாங்கியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கேபிளை மாற்றியபின் சுவிட்சில் அந்தப் போர்ட்டின் எண்ணிக்கைப் பக்கத்தைத் திறந்து, எண்ணிக்கைகளைச் சுழியாக்கிவிட்டு மறுநாள் பாருங்கள். பழுதாக வந்த ஃபிரேம்களைக் காட்டும் சி.ஆர்.சி. அல்லது எஃப்.சி.எஸ். பிழை என்ற வரியில் எண் ஏறிக்கொண்டே போனால், விளக்கு பச்சையாக எரிந்தாலும் அந்த இணைப்பு நலமாக இல்லை என்று பொருள்.

கேள்வி (சேலம் வாசகர்): எங்கள் சிறிய மருத்துவமனையில் கணக்குப் பிரிவுக் கணினிகள், கண்காணிப்புக் கேமராக்கள், நோயாளிகளுக்கான வைஃபை மூன்றும் ஒரே சுவிட்சில் உள்ளன. விலான் போட்டுப் பிரிக்க முயன்றேன். சில கணினிகளுக்கு முகவரி கிடைக்கவில்லை. கடைசியில் சுவிட்சின் நிர்வாகப் பக்கமே எனக்குத் திறக்கவில்லை. எங்கே தவறினேன்?

பதில்: இரண்டு இடங்களில். அதற்குமுன் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். 802.1க்யூ தரத்தின்படி, ஒவ்வொரு ஃபிரேமுக்குள்ளும் 4 பைட் அளவுள்ள ஒரு முத்திரை செருகப்படுகிறது. அதில் 12 பிட்டுகள் விலானின் எண்ணைச் சுமக்கின்றன. 1 முதல் 4094 வரை எண்கள் கொடுக்க முடிவது அதனால்தான். கணினிக்கும் கேமராவுக்கும் இந்த முத்திரை புரிய வேண்டியதில்லை. அவை செருகப்படும் போர்ட்டுகள் 'அன்டேக்டு' ஆக, அதாவது முத்திரையில்லாமல் அனுப்புபவையாக இருக்க வேண்டும். சுவிட்சையும் ரூட்டரையும், அல்லது இரண்டு சுவிட்சுகளையும் இணைக்கும் கேபிளின் இரு முனைகளும் 'டேக்டு' ஆக, அதாவது முத்திரையோடு அனுப்புபவையாக இருக்க வேண்டும். நோயாளிகளுக்கும் ஊழியர்களுக்கும் தனித்தனிப் பெயரில் வைஃபை தரும் அக்சஸ் பாயின்ட் உங்களிடம் இருந்தால், அதன் போர்ட்டும் இந்த இரண்டாவது வகையில்தான் வரும்.

முதல் தவறு பி.வி.ஐ.டி. என்ற கட்டத்தில் நேர்ந்திருக்கும். நடுத்தர விலைச் சுவிட்சுகள் பலவற்றில் ஒரு போர்ட்டை விலான் 20-இல் சேர்ப்பது ஒரு பக்கத்திலும், அந்தப் போர்ட்டுக்குள் முத்திரையில்லாமல் வரும் ஃபிரேம்கள் எந்த விலானைச் சேர்ந்தவை என்று சொல்லும் பி.வி.ஐ.டி. எண் இன்னொரு பக்கத்திலும் இருக்கும். முதலாவதை மட்டும் மாற்றினால், சுவிட்சிலிருந்து கணினிக்குப் போவது 20 வழியாகவும், கணினியிலிருந்து வருவது 1 வழியாகவும் என்று பாதை இரண்டாகப் பிரிந்துவிடும். கணினி முகவரி கேட்டு அனுப்பும் அழைப்பு விலான் 20-இல் காத்திருக்கும் ரூட்டருக்குப் போய்ச் சேராது. போர்ட் பழைய விலான் 1-இலும் நீடித்தால் பழைய வரிசையிலிருந்தே முகவரி கிடைத்து, பிரிவினை நடந்துவிட்டது போன்ற மாயை உண்டாகும். ஆகவே ஒவ்வொரு கணினிப் போர்ட்டிலும் மூன்று வேலைகளைச் சேர்த்தே செய்யுங்கள்: புதிய விலானில் அன்டேக்டாகச் சேர்ப்பது, பி.வி.ஐ.டி.யை அதே எண்ணுக்கு மாற்றுவது, விலான் 1-இலிருந்து நீக்குவது.

இரண்டாவது தவறு, நீங்கள் அமர்ந்திருந்த போர்ட்டையே மாற்றியது. சுவிட்சின் நிர்வாக முகவரி விலான் 1-இல் இருக்கும்போது உங்கள் கணினியை விலான் 20-க்கு மாற்றினால், அந்த நொடியே கதவு மூடிக்கொள்ளும். தற்போதைக்கு, இன்னும் விலான் 1-இல் உள்ள ஏதேனும் ஒரு போர்ட்டில் மடிக்கணினியைச் செருகிப் பாருங்கள். மாற்றங்களைச் சேமிக்கவில்லை என்றால் சுவிட்சின் மின்சாரத்தை அணைத்துப் போட்டாலே பழைய நிலை திரும்பிவிடும். கன்சோல் போர்ட் (வலையமைப்பைச் சாராமல் சுவிட்சை நேரடியாக நிர்வகிக்கும் துளை) இருந்தால் அதன் வழியாகவும் நுழையலாம். கையேட்டில் சொன்ன வேகத்தை, 9600 அல்லது 115200, சரியாக அமைத்தால் போதும். எதுவும் முடியாதபோதுதான் ரீசெட் பொத்தான். இனி எப்போது விலான் வேலை செய்தாலும், கடைசிப் போர்ட்டை நிர்வாகத்துக்கென்று ஒதுக்கி, அதில் அமர்ந்து மற்றவற்றை மாற்றுங்கள்.

ஓர் எச்சரிக்கை. விலான் பிரித்துவிட்டதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. மூன்று விலான்களுக்கும் இணையம் வேண்டும் என்று ரூட்டரில் மூன்றையும் இணைத்தவுடன், ரூட்டர் அவற்றுக்கிடையே போக்குவரத்தையும் தாராளமாக அனுமதிக்கக்கூடும். நோயாளிகளின் வைஃபையிலிருந்து கணக்குப் பிரிவுக்கும் கேமராப் பதிவுக் கருவிக்கும் போகும் வழிகளை ஃபயர்வால் விதிகளால் அடைத்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும். நோயாளியின் கைபேசியில் அந்த வைஃபையை இணைத்து, பதிவுக் கருவியின் முகவரியை பிரவுசரில் அடித்துப் பாருங்கள். பக்கம் திறந்தால் இன்னும் பிரிக்கவில்லை என்றே பொருள்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர், பள்ளி ஆசிரியர்): எங்கள் பள்ளிக் கணினிக்கூடத்தில் ஒரு மாணவர் கேபிளின் இரு முனைகளையும் அடுத்தடுத்த இரண்டு சுவர் சாக்கெட்டுகளில் செருகிவிட்டார். அரை நாள் பள்ளி முழுவதும் வலையமைப்பு நின்றுபோனது. மேனேஜ்டு சுவிட்ச் இருந்தும் ஏன் இப்படி ஆயிற்று?

பதில்: ஈதர்நெட் ஃபிரேமுக்கு ஆயுள் வரம்பு கிடையாது. எல்லோருக்கும் என்று அனுப்பப்படும் ஒரு ஃபிரேம் வளையத்துக்குள் புகுந்தால், சுவிட்சுகள் அதைப் பிரதியெடுத்துச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு ஜிகாபிட் போர்ட்டில் நொடிக்கு 14.88 லட்சம் சிறிய ஃபிரேம்கள் வரை ஓட முடியும் என்பதால், சில நொடிகளில் எல்லாப் போர்ட்டுகளும் நிரம்பிவிடுகின்றன. இதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ என்ற முறையை ரேடியா பெர்ல்மன் 1985-இல் உருவாக்கினார். இப்போது பயன்படுவது அதன் விரைவு வடிவமான ஆர்.எஸ்.டி.பி. சில சுவிட்சுகளில் இது பெட்டியிலிருந்து வரும்போது அணைந்தே இருக்கும். உங்களுடையதும் அப்படித்தானா என்று முதலில் பாருங்கள்.

அதை இயக்குவதோடு, எந்தச் சுவிட்ச் மையம் என்பதையும் நீங்களே முடிவு செய்ய வேண்டும். எல்லாச் சுவிட்சுகளுக்கும் முன்னுரிமை எண் 32768 என்றே இருந்தால், குறைந்த மேக் முகவரி (கருவியிலேயே பதிந்த அடையாள எண்) கொண்டது மையமாகிவிடும். அது பெரும்பாலும் பள்ளியிலேயே பழைய, மெதுவான சுவிட்சாக அமைந்துவிடுவது ஒரு வேடிக்கை. நடுவில் உள்ள நல்ல சுவிட்சுக்கு 4096 என்று கொடுங்கள். எண் குறைந்தால் முன்னுரிமை கூடும். கணினிகள் செருகும் போர்ட்டுகளை 'எட்ஜ்' என்று குறியுங்கள். இல்லையென்றால் பழைய முறையில் இணைப்பு உயிர்பெற 30 நொடிகள் ஆகி, அதற்குள் கணினி முகவரி கேட்டுச் சலித்துவிடும். எட்ஜ் போர்ட்டில் பி.பி.டி.யு. (ஸ்பானிங் ட்ரீ செய்தி) கார்டு என்ற வசதியையும் போட்டால், அங்கே யாராவது வளையம் போட்டவுடன் அந்தப் போர்ட் மட்டும் மூடிக்கொள்ளும். மற்ற வகுப்புகள் தொடரும்.

மேசைகளுக்கு அடியில் 5 போர்ட் அல்லது 8 போர்ட் சாதாரண சுவிட்சுகள் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். அவற்றில் சில, ஸ்பானிங் ட்ரீ செய்திகளை அடுத்த பக்கம் கடத்தாமல் விழுங்கிவிடும்; அப்போது அவற்றுக்குள் உண்டாகும் வளையம் உங்கள் மேனேஜ்டு சுவிட்சின் கண்ணில் படாது. அதற்காகவே 'லூப் டிடெக்ஷன்' என்ற தனி வசதியும், ஒரு போர்ட்டில் பிராட்காஸ்ட் (எல்லோருக்கும் அனுப்பும் ஃபிரேம்கள்) அளவு மீறினால் கட்டுப்படுத்தும் 'ஸ்டார்ம் கன்ட்ரோல்' வசதியும் உள்ளன. கணினிக்கூடத்தில் இரண்டையும் இயக்கி வைப்பது நல்லது. மாணவரைக் குறை சொல்ல எதுவுமில்லை. சாக்கெட் இருந்தால் செருகத்தான் செய்வார்கள்.

கேள்வி (சென்னை வாசகர்): வீடியோ எடிட்டிங் செய்கிறேன். கோப்புச் சேமிப்புக் கருவியிலிருந்து சுவிட்சுக்கு இரண்டு கேபிள்களை எல்.ஏ.சி.பி. (பல கேபிள்களை ஒரே இணைப்பாக்கும்) முறையில் சேர்த்திருக்கிறேன். ஆனாலும் என் கணினிக்கு நொடிக்கு 110 மெகாபைட்டுக்கு மேல் வரவில்லையே?

பதில்: வராது. உங்கள் கணினி சுவிட்சோடு ஒரே ஜிகாபிட் கேபிளால் இணைந்திருக்கிறது. அந்தக் கேபிளின் நடைமுறை உச்சம் நீங்கள் சொல்லும் அளவுதான். கணினிக்கும் இரண்டு கேபிள் போட்டாலும், ஒரு குறிப்பிட்ட கோப்புப் பரிமாற்றம் எந்தக் கேபிளில் போக வேண்டும் என்பதை முகவரிகளை வைத்துச் சுவிட்ச் தீர்மானித்துவிடும். அது பாதியில் இரண்டாகப் பிரியாது. இருவர் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போதுதான் இந்த ஏற்பாட்டின் பலன் தெரியும், அதுவும் அவர்களுடைய பரிமாற்றங்கள் வெவ்வேறு கேபிள்களுக்கு ஒதுக்கப்பட்டால். ஒருவருக்கே வேகம் வேண்டுமென்றால் 2.5 அல்லது 10 ஜிகாபிட் போர்ட் உள்ள சுவிட்சுக்குச் செலவிடுங்கள்.

கேள்வி (நாகர்கோவில் வாசகர்): 8 போர்ட் பி.ஓ.இ. (வலையமைப்புக் கேபிள் வழியே மின்சாரமும் தரும்) சுவிட்சில் 8 கேமராக்கள். பகலில் எல்லாம் சரியாக உள்ளன. இருட்டியதும் ஒன்றிரண்டு கேமராக்கள் அணைந்து அணைந்து எரிகின்றன. சுவிட்சின் மொத்த பி.ஓ.இ. திறன் 65 வாட் என்று போட்டிருக்கிறது.

பதில்: காரணம் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இருட்டியதும் கேமராவின் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. பகலில் 4 வாட் எடுத்த கேமரா இரவில் 9 வாட் எடுத்தால், எட்டுக்கும் சேர்த்து 72 வாட் ஆகிறது. சுவிட்சிடம் இருப்பது 65. மிஞ்சியதும் முன்னுரிமை குறைந்த போர்ட்டின் மின்சாரத்தைச் சுவிட்ச் துண்டிக்கிறது. சுமை குறைந்ததும் மீண்டும் கொடுக்கிறது. கேமரா எழுந்து விளக்கை ஏற்றியதும் மறுபடி துண்டிக்கிறது.

802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் வரை தரலாம் என்பதைப் பார்த்துவிட்டு, எட்டுப் போர்ட்டுக்கும் அது ஒரே நேரத்தில் கிடைக்கும் என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். வாங்கும்போது பார்க்க வேண்டிய எண் மொத்தத் திறன்தான். சுவிட்சின் பி.ஓ.இ. பக்கத்தில் ஒவ்வொரு போர்ட்டும் இப்போது எத்தனை வாட் எடுக்கிறது என்று தெரியும். இரவு 8 மணிக்கு அதைத் திறந்து கூட்டிப் பாருங்கள். உடனடித் தீர்வாக இரண்டு கேமராக்களைத் தனி பி.ஓ.இ. இன்ஜெக்டருக்கு (கேபிளில் மின்சாரம் சேர்க்கும் சிறு கருவி) மாற்றலாம். நுழைவாயில் கேமராவின் போர்ட்டுக்கு உயர்ந்த முன்னுரிமை கொடுத்துவிட்டால், பற்றாக்குறை வந்தாலும் அது அணையாது. கேமரா உறைந்து நின்றால் ஏணி போட்டு ஏறாமல், அந்தப் போர்ட்டின் பி.ஓ.இ.யை நிர்வாகப் பக்கத்தில் அணைத்துப் போடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி வாசகர்): கயிறு ஆலைக்கும் அலுவலகத்துக்கும் இடையே 180 மீட்டர் தூரம். நடுவில் ஒரு சிறிய சுவிட்ச் வைத்து கேட்6 கேபிள் இழுத்தோம். கடந்த மழைக்காலத்தில் இடி விழுந்து இரு பக்கச் சுவிட்சுகளிலும் சில போர்ட்டுகள் கருகிவிட்டன. மறுபடியும் அதையே போடலாமா?

பதில்: கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிள் போடவே வேண்டாம். தூரம் 100 மீட்டருக்கு உட்பட்டதாக இருந்தாலும் இதையே சொல்வேன். இரண்டு கட்டடங்களின் எர்த்துகளும் ஒரே அழுத்தத்தில் இருப்பதில்லை. அருகில் இடி விழும்போது அந்த வேறுபாடு மிகப் பெரிதாகி, நடுவில் உள்ள கேபிள் வழியே பாய்கிறது. கண்ணாடி இழைக்கு (ஃபைபர்) இந்தக் கவலை இல்லை.

உங்கள் இரு சுவிட்சுகளிலும் எஸ்.எஃப்.பி. துளைகள் (ஃபைபர் மாட்யூல் செருகும் இடம்) பெரும்பாலும் இருக்கும். சிங்கிள் மோட் ஃபைபரும், 10 கி.மீ. வரை செல்லும் எல்.எக்ஸ். வகை மாட்யூல் ஒரு ஜோடியும் வாங்குங்கள். இரு முனைகளிலும் ஒரே வகை மாட்யூல் இருக்க வேண்டும். ஒரே இழையில் இருவழியும் போகும் பைடி (BiDi) வகை என்றால் மட்டும் ஒன்றுக்கொன்று எதிரிணையான ஜோடியாக வாங்க வேண்டும். சில தயாரிப்பாளர்களின் சுவிட்சுகள் பிற நிறுவன மாட்யூல்களை ஏற்க மறுக்கும் என்பதால், விற்பவரிடம் உங்கள் சுவிட்சின் மாடல் எண்ணைச் சொல்லியே வாங்குங்கள். உலோகக் கவசம் உள்ள ஃபைபரைப் புதைப்பதானால் அந்தக் கவசத்தை முறையாக எர்த் செய்ய வேண்டும். உலோகமே இல்லாத வகை கிடைத்தால் அதுவே நல்லது, எலித் தொல்லை இருந்தால் குழாய்க்குள் விட்டுவிடலாம். இணைத்தபின் விளக்கு எரியாவிட்டால், ஒரு முனையில் மட்டும் இரண்டு இழைகளையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள். அனுப்பும் பக்கம் அனுப்பும் பக்கத்தோடு இணைந்திருக்கலாம். ஒளி அளவைக் காட்டும் வசதி உள்ள மாட்யூலாக வாங்கினால், வந்துசேரும் ஒளியின் அளவை டி.பி.எம். (ஒளித்திறனின் அலகு) கணக்கில் சுவிட்சிலேயே படிக்கலாம். பொருத்திய அன்று அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு மழைக்காலம் முடிந்ததும் ஒப்பிட்டால், இணைப்பு அறுவதற்கு முன்பே இழையில் ஈரமோ வளைவோ ஏறியிருப்பது தெரிந்துவிடும்.